கடன் கொடுத்தோம், சந்தையைக் காட்டினோமா?

"ஃபைனல் எக்ஸிட்டில் வந்துவிட்டேன். இனி ஊரிலேயே ஏதாவது தொழில் பார்க்க வேண்டும்." காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சவூதியில் 2011-ல் நிதாகத் சட்டம் வந்தது. 2017 ஜூலையில் உடனிருக்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம், 2020-ல் 400 ரியால் ஆனது. அதே ஆண்டு கொரோனாவும் வந்தது. முதலில் குடும்பத்தை அனுப்பி வைத்தவர்களில் பலர், பிறகு தாங்களும் பெட்டி கட்டினார்கள்.

வந்தவர் என்ன செய்கிறார்? இருபது வருட சபரில் சேர்த்த செட்டில்மெண்ட் பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு ஒரு கடை திறக்கிறார். ஒரே தெருவில் மூன்றாவது பிராய்லர் கடை, அல்லது ஐந்தாவது புர்கா கடை. திறப்பு விழாவில் ஆலிம் துஆ ஓதுகிறார், ஊரே வந்து வாழ்த்திவிட்டுப் போகிறது. வாழ்த்தியவர்களில் எத்தனை பேர் மறுவாரம் அங்கே பொருள் வாங்கினார்கள்? ஆண்டு முடிவதற்குள் 'கடை வாடகைக்கு' என்ற அட்டை தொங்குகிறது. அவர் மீண்டும் விசா தேடுகிறார். இம்முறை அவருக்கு வயது ஐம்பது.

குறை எங்கே?

வியாபாரம் நமக்குப் புதிதல்ல. 2006-ல் வெளியான சச்சார் குழு அறிக்கையின்படி, நாட்டின் முஸ்லிம் உழைப்பாளர்களில் 61 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள். இந்துக்களில் இது 55 சதவீதம். ஆனால் சுயதொழில் என்றால் பெரும்பாலும் ஒற்றை ஆள், ஒற்றைக் கடை, கையிலிருக்கும் சிறு முதல் என்பதுதான் நிலைமை.

ஜமாஅத்துகள் சும்மா இருக்கின்றன என்றும் சொல்ல முடியாது. பல ஊர்களில் பைத்துல்மால் மூலம் வட்டியில்லாக் கடன் தரப்படுகிறது. ஜகாத் நிதியில் தையல் இயந்திரமும் தள்ளுவண்டியும் வழங்கப்படுகின்றன. மேடை போட்டு, புகைப்படம் எடுத்து, செய்தியும் வெளியாகிறது. ஆனால் தையல் இயந்திரம் வாங்கிச் சென்ற அந்தச் சகோதரிக்குத் தைக்கத் துணி வந்ததா என்று ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டவர் யார்? இயந்திரம் கொடுத்த அதே நிர்வாகிகள் வீட்டுப் பெருநாள் துணிமணி வெளியூர் ஜவுளிக்கடையிலிருந்துதான் வருகிறது.

மதீனா காட்டும் வழி

மக்காவைத் துறந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை, அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் சகோதரராக்கினார்கள். ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காக துஆ செய்துவிட்டு, இங்கே சந்தை எங்கிருக்கிறது என்று மட்டும் கேட்டார். பனூ கைனுகா சந்தை காட்டப்பட்டது. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கியவர், பின்னாளில் பெரும் செல்வந்தராகி வாரி வழங்கினார். புகாரியில் பதிவான இந்தச் சம்பவத்தை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஸஅத் (ரலி) அவர்களின் தாராளத்தைப் பேசும் அளவுக்கு, அந்தச் 'சந்தை எங்கே' என்ற கேள்வியை நாம் யோசிப்பதில்லை.

புதிதாகத் தொழில் தொடங்குபவரும் இன்று அதையே கேட்கிறார். முதல் பத்து வாடிக்கையாளர்கள் யார்? சரக்கை எங்கே மலிவாக எடுப்பது? கடனுக்குக் கொடுத்தால் பணம் எப்போது வரும்?

இம்மூன்றுக்கும் விடை நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. எந்த வீட்டில் எப்போது நிகாஹ் என்பது ஜமாஅத் பதிவேட்டுக்குத் தெரியும். ஓர் ஊரில் ஆண்டுக்கு 100 நிகாஹ் என்று வைத்துக்கொண்டால், அழைப்பிதழ், சமையல், மேடை அலங்காரம், மணமக்கள் உடை, இனிப்பு எல்லாம் சேர்ந்து எத்தனை லட்சம்! உள்ளூரில் இவற்றைச் செய்பவர்களின் பட்டியலை நிகாஹ் பதிவு செய்ய வரும் குடும்பத்தார் கையில் கொடுக்க ஒரு தாள் போதும். வீட்டிலிருந்தே சமைத்தும் தைத்தும் விற்கும் பெண்களுக்கு இதனால் அதிகப் பயன். இப்போது அவர்களுக்கு இருக்கும் ஒரே கடைத்தெரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான்.

அதுபோல, சென்னை மண்ணடியில் முப்பது வருடம் மொத்த வியாபாரம் பார்த்து ஓய்ந்த பெரியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கடை திறக்கும் முன் அவர்களிடம் ஒரு மணி நேரம் பேசினால், அந்த ஐந்தாவது புர்கா கடை வேறு ஏதாவது நல்ல தொழிலாக மாறியிருக்கும்.

பிறகு நாணயம். 'நம்மாளு கடைதானே' என்று கடன் சொல்வதும், வெளிக்கடையில் கேட்காத தள்ளுபடியை இங்கே கேட்பதும் புதுக்கடையைக் கொல்லும் விஷம். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி மற்றும் சேவைத் தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உத்யம் பதிவுக்குக் கட்டணமும் கிடையாது. இது தெரியாத தொழில்முனைவோர் நம்மிடையே ஏராளம்.

அரசுத் திட்டங்களும் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சிறுபான்மையினருக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதமும், நகர்ப்புறத்தில் 25 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. ஆனால் அது வட்டியுள்ள வங்கிக் கடனோடு பிணைந்தது. எனவே வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மாற்று வழி காட்டுவது, ஊரில் வசதி படைத்தவர்களின் பொறுப்பு. லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கேற்கும் முளாரபா, முஷாரகா கூட்டுகள் கிதாபுகளில் மட்டும் இருந்தால் போதாது.

எச்சரிக்கையும் வேண்டும்

ஆனால் இணைப்பது என்பது கண்மூடி நம்புவதல்ல. 2019-ல் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியதை மறந்துவிடக் கூடாது. மாதாமாதம் லாபம் நிச்சயம் என்று எவர் சொன்னாலும் அது கூட்டு வியாபாரம் அல்ல. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சிகளை ஏற்படுத்தச் சொல்கிறது. அண்ணன் தம்பி ஆனாலும் எழுத்தும் கணக்கும் வேண்டும்.

பெரிய மாநாடு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு முஹல்லாவிலும் தொழில் தெரிந்த மூன்று பேரை நியமியுங்கள். உள்ளூர்த் தொழில்களைப் பட்டியலிடுங்கள். கடன் பெற்றவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தவணை வசூலிக்க அல்ல, வியாபாரம் எப்படி என்று கேட்க. அடுத்த முறை ஒரு கடைத் திறப்பு விழாவுக்குப் போனால், துஆவுக்கு ஆமீன் சொல்லிவிட்டு ஏதாவது ஒரு பொருளை முழு விலை கொடுத்து வாங்குங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தச் சகோதரர் ஐம்பது வயதில் மறுபடி விசா தேட வேண்டியிருக்காது.