காசு தேடும் கருவி

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டில் பழங்காசு தேட ஆசையா? நடுத்தர விலைக் கருவியே ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்துக் காசைக் காட்டிவிடும். அதிக விலைக் கருவி இன்னும் சில அங்குலம் பார்க்கும். இரும்பு ஆணி எது, செம்பு எது என்று ஓரளவு பிரித்துச் சொல்லும். அவ்வளவுதான்!

ஆனால், எந்தக் கருவியும் காசைச் சொந்தமாக்காது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறை!

காசு கிடந்த மண் அடுக்கும் அதன் வயதைச் சொல்ல உதவும். இதே மாவட்டத்து வெம்பக்கோட்டையில், 2022-இல் தொடங்கிய அகழாய்வில் மண்ணை அடுக்கடுக்காக எடுத்தது அதற்காகவே. அவசரமாகத் தோண்டினால் காசு கிடைக்கலாம், வரலாறு அழிந்துவிடும்.

வானம் பார்த்த பூமியில் முதல் புதையல் தண்ணீர் அல்லவா? கருவிக்குக் கொட்டும் பணத்தில் கிணற்றைத் தூர் வாரலாம்!