‘சாரி சொல்லு’ என்று மிரட்டுவதை நிறுத்துவோம்

தீபாவளியன்று அக்கா வீட்டில் நடந்தது இது. அக்காவின் ஆறு வயது மகன், தங்கை உறவுப் பிள்ளை ஒருத்தியிடமிருந்து பொம்மைக் காரைப் பிடுங்கித் தள்ளிவிட்டான். அவளுக்கு முட்டியில் சிராய்ப்பு. உடனே நான்கு பெரியவர்கள் சூழ்ந்துகொண்டோம். “சாரி சொல்லு. இப்பவே சொல்லு. சொன்னாதான் ஐஸ்கிரீம்.” அவன் சுவரைப் பார்த்து “சாரி” என்றான். ஐஸ்கிரீம் கிடைத்தது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அதன் முட்டியை யாருமே பார்க்கவில்லை.

இதற்குப் பெயர் ஒழுக்கம் கற்றுக்கொடுப்பதாம். இல்லை. பொய் சொல்லப் பழக்குகிறோம், அவ்வளவுதான்.

“சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், சொல்லிச் சொல்லித்தானே பழகும்” என்பார்கள். நன்றாகவே தெரியும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. தானாகக் கேட்கும் மன்னிப்பையும், பெரியவர் எடுத்துச்சொல்ல மனம் ஒப்பிக் கேட்பதையும் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். வற்புறுத்தி வாங்கிய மன்னிப்பு, குறிப்பாக ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களிடம், எடுபடவில்லை.

ஆகவே பிள்ளைகளைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் அவன் கோபம் அடங்கட்டும். பிறகு அந்த முட்டியைக் காட்டுங்கள். “இப்ப என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். பிளாஸ்டர் எடுத்து வரட்டும், காரைத் திருப்பிக் கொடுக்கட்டும். வார்த்தை கொஞ்சம் தாமதமாக வந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் இதை யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்? எனக்குப் பத்து வயதில், ஐம்பது ரிங்கிட் காணவில்லை என்று அப்பா ரோத்தானால் விளாசினார். சாயங்காலம் அவர் சட்டைப் பையிலேயே பணம் இருந்தது. ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ரொட்டி சானாய் வாங்கி வந்தார். அதுதான் மன்னிப்பு என்று நானாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்பாவைப் புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் காத்திருக்கிறேன்.

அதே ஆண்டு நோன்புப் பெருநாளில், பக்கத்து வீட்டு மக்சிக் தன் மகனிடம் “மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்” என்றதைப் பார்த்தேன். புறத்தாலும் அகத்தாலும் மன்னித்துவிடு என்று அர்த்தம். அம்மா, பிள்ளையிடம் கேட்கிறார்! எனக்கு அது அதிசயமாக இருந்தது.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடுமாம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன், நிறைந்த சபையில் ஒரு சாதாரணப் பெண்ணின் முன்னால் தன் தவற்றை ஒப்புக்கொண்டான். அவன் மரியாதை போகவில்லை, அதனால்தான் நின்றது. கண்ணகியின் கோபத்துக்குப் பட்டிமன்றம் நடத்தும் நாம் இதைப் பேசுவதேயில்லை.

ஐஸ்கிரீம் காட்டி மிரட்டிய அந்த நால்வரில் நானும் ஒருவன். மறுவாரம் அக்கா மகனிடம் போய், “அன்னிக்கு உன்கிட்ட கத்தினது என் தப்புடா. சாரி” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“ஏன் மாமா, உங்களுக்கும் ஐஸ்கிரீம் வேணுமா?”