அப்பாவின் மருந்துப் பெட்டி

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய மருந்துப் பெட்டியைத் திறந்தேன். பிரிக்காத ரத்த அழுத்த மாத்திரை அட்டைகள் ஏழு; வலிக்கு வாங்கிய டிரமடால் ஓர் அட்டை, காலாவதித் தேதி இருந்த ஓரம் கிழிந்து. தெருமுனை மருந்துக் கடையில் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். குப்பையில் போடவும் மனம் வரவில்லை.

குப்பைக்குப் போகும் மருந்து மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. அங்கே கிருமிகள் ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கப் பழகுகின்றன. டிரமடால் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடச் சொல்கிறது, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2025 வழிகாட்டுதல். மற்றவற்றைச் சேகரிக்க, அதே ஆண்டு கோழிக்கோட்டில் ‘என்பிரவுட்’ திட்டத்தைத் தொடங்கியது கேரளம்.

சேரும் மருந்துகளில் எதைத் தானம் தரலாம், எதை அழிக்க வேண்டும் என்று தரம்பிரிக்கும் வேலைக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த வேண்டும். அட்டையைக் கைபேசியில் படமெடுத்தால் பெயரையும் தேதியையும் படித்து, தானத்துக்கா, அழிக்கவா என்று சொல்லட்டும். தேதி கிழிந்திருந்தால் ஊகிக்கக் கூடாது. குளிரில் இருக்க வேண்டிய இன்சுலினைத் தானத்தில் சேர்க்கக் கூடாது. இறுதி முடிவு மருந்தாளுநருடையது.

அதற்கு முதலில், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு சேகரிப்புப் பெட்டி வேண்டும். அப்பாவின் ஏழு அட்டைகளும் இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன.