மன்னன் எவரைப் பார்த்துச் சிரித்தான்?

மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தை அஞ்சாத அங்கதம் என்று புகழ்வோர் பலர். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ வேந்தன் நகைச்சுவை நாடகம் எழுதியது வியப்புத்தான். அதில் அஞ்சாமை எங்கே என்பதே நம் வினா.

காஞ்சித் தெருவிலே கபாலிகன் ஒருவன் காதலி தேவசோமையுடன் கள் வெறியில் தள்ளாடுகிறான். கபால ஓட்டைத் தொலைத்துவிட்டுப் புத்த பிக்கு மீது பழி சுமத்துகிறான். பிக்குவோ மதுவும் மங்கையும் தமக்கு ஏன் விலக்கப்பட்டன என்று ஏங்குபவர். வழக்குத் தீர்க்க வந்த பாசுபதனுக்கும் ஒரு பெண்மீது கண். ஓடு கடைசியில் நாயிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் கைக்கு வந்து, அவனிடமிருந்து கிடைக்கிறது. ஆண்மகனின் காமமும் வீறாப்பும் நன்றாகவே நையப் புடைக்கப்படுகின்றன. ஆயினும் அடிபடுவோர் பிச்சை ஏற்போர். அரண்மனை வாசலில் ஒரு தூசும் படவில்லை.

மாமல்லபுரம் ஆதிவராகக் குகைக்குச் சென்று பாருங்கள். மகேந்திரன் எனப் பெயர் பொறித்த அரசன் தேவியர் இருவருடன் நிற்கிறான். அங்கே கம்பீரம் உண்டு. கேலியின் சாயலேனும் இல்லை. மத்தவிலாசன் என்ற பட்டத்தை அவனே சூடவில்லையா என்பர். சூடினான்; பட்டம் அணிகலன்தானே! (பட்டங்களில் அவனுக்கிருந்த ஆசையை, பின்னாளில் தர்காவாகிவிட்ட பல்லாவரம் குகையிலும் காணலாம்.)

ஹிஜ்ரி 255-இல் மறைந்த பஸரா நகர் அல்-ஜாஹிழ் வேறு வழி சென்றார். கஞ்சர்களைப் பற்றிய நூலில் தம் ஊர்ச் செல்வரையும் கற்றோரையும் எள்ளினார். தம்மையும் விட்டாரில்லை. அவர் வாயாலேயே வந்ததாக வழங்கும் கதை இது: ஒரு பெண் வந்து அழைத்தாளாம், இவரும் பின்தொடர்ந்தார். தட்டான் கடையில் நிறுத்தி, "இதைப் போல" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். விசாரித்தால், மோதிரத்தில் ஷைத்தான் உருவம் வேண்டினாளாம். ஷைத்தானை நான் கண்டதில்லையே என்றானாம் தட்டான்! ஆண்பிள்ளையின் மமதைக்கு இதனினும் கூரிய கேலிச்சித்திரம் உண்டோ?

நம்மவர் சிரிப்போ மன்னன் வழிச் சிரிப்பு. கொச்சை பேசும் ஏழையும், பெண்ணைப் பெற்றுக் கலங்கும் தகப்பனுமே நம் மேடைகளில் கோமாளிகள். மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் கைக்கூலி வாங்கிய கையோடு, மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியில் குதிரையேறிப் படம் பிடித்துக்கொள்கிறான். அவனைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. கேட்டால், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது என்னும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனத்தைக் காட்டுகின்றனர். ஏழையை எள்ளியபோது அந்த வசனம் எங்கே போயிற்று? பிறரை இழிவாய் எண்ணுவதைத் தடுக்கும் கட்டளை, கைக்கூலிக்காரனுக்குக் கேடயமாவது எப்படி?

ஓவியம் வல்ல இளைஞர்களே, ஆளின் பெயரும் முகமும் வேண்டாம். அந்த மாப்பிள்ளைக் கோலத்தை வரையுங்கள். குதிரையையும், குதிரைக்கு வாடகை கட்டிய மாமனாரையும் சேர்த்தே வரையுங்கள்.