முட்டி தேஞ்சா கலையும் தேஞ்சு போச்சா?

ஒரு சர்ஜனுக்கு வயசாகி கை நடுங்க ஆரம்பிச்சா என்ன செய்வோம்? "சார், பக்கத்துல நின்னு சின்னவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க" என்போம். சீனியர் என்போம். யாராவது அவரை "நலிந்த டாக்டர்" என்று சொல்வோமா?

இருபத்தஞ்சு வருஷம் கரகம் சுமந்த அக்காவுக்கு முட்டி தேஞ்சா மட்டும் "நலிந்த கலைஞர்". உதவித்தொகை கொடுக்கிறது நல்லதுதான். அந்தப் பேரு எதுக்குங்க?

தென்காசிப் பக்கம் கொடை சீசன்ல ராத்திரி முழுக்க நையாண்டி மேளத்துக்கு ஆடுறாங்க. தலையில கனம், காலுக்குக் கீழே கட்டாந்தரை, இல்லேன்னா தார் ரோடு. கழுத்து, இடுப்பு, முழங்கால் மூணும் அடி வாங்கும். எக்ஸ்ரேல மூட்டு இடைவெளி குறைஞ்சிருக்கும். "இனி ஆடாதீங்கம்மா"ன்னு எழுதி அனுப்பிடுறோம். என் தொழில்காரங்க மேல எனக்குக் கோபமே இதுலதான். அது பாதி வைத்தியம். ஆடாம என்ன செய்யணும்னு யார் சொல்றது?

பாலே ஆடுறவங்களும் பெரும்பாலும் நாற்பதை ஒட்டி மேடையை விட்டுடுறாங்க. அப்புறம் பலர் அங்கேயே பயிற்சியாளர். பழைய படைப்பை அடி பிசகாம இளையவங்களுக்கு ஏத்தி மேடைக்குக் கொண்டுவரவே தனி ஆட்கள் உண்டு. பாலன்சின் 1983-ல் இறந்துட்டார். அவர் படைப்புகளை ஊர் ஊராப் போய் மேடையேத்தினவங்கள்ல பலர் அவர்கிட்ட ஆடினவங்க. அதுக்குச் சம்பளம் உண்டு, நிகழ்ச்சித் தாள்ல பேரும் உண்டு.

"வெள்ளைக்காரனுக்கு வசதி இருக்கு" என்பீங்க. சரி, குற்றாலத்துக்கே வாங்க. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944-ல் ருக்மிணி தேவி நாட்டிய நாடகமா மேடையேத்தினார். அதை அமைக்கத் துணை நின்னவர் காரைக்கால் சாரதாம்பாள், பரம்பரை ஆடல் மரபுக்காரர். ருக்மிணி தேவிக்கே சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள், கபாலீஸ்வரர் கோயிலில் ஆடினவர். (கலாக்ஷேத்ரா பேரு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. இந்த ரெண்டு பேரும்?)

இப்ப சாரல் விழா மேடைக்கு வாங்க. ஆடுற பிள்ளைகளுக்குக் கை தட்டுறோம். பழக்கிவிட்டது இன்னார்னு மைக்குல ஒரு பேரு கேட்டிருக்கீங்களா?

கொடைக் கமிட்டி அண்ணாச்சிமாரே, அடுத்த தடவை செட்டு பேசும்போது பழக்கிவிட்டவங்களுக்குத் தனியா ஒரு பங்கு எழுதுங்க. மேடை ஓரமா ஒரு நாற்காலி போடுங்க, ஆட்டத்தை அவங்க நடத்தட்டும். டாக்டர் தம்பிகளே, சீட்டுல தொடைத் தசைப் பயிற்சிக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்க: கத்துக்கொடுக்கலாம்.