ஒண்ணுக்கு விடுங்க, ஸார்!

"ஸார், ஒண்ணுக்கு..." என்று சுண்டு விரலைத் தூக்குகிறான் பையன். "இப்பத்தானே இண்டர்வெல் முடிஞ்சுது? உட்காருடா!" என்கிறார் வாத்தியார். வகுப்பு சிரிக்கிறது. பையன் காலை இறுக்கிக்கொண்டு உட்காருகிறான்.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். பெரிய விஷயம்தான்!

ஐந்து வயதுப் பிள்ளையின் மூத்திரப்பை சுமார் 180 மில்லிதான் கொள்ளும். ஒரு டம்ளர் அளவு. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்குங்கள். அதுதான் டாக்டர்கள் போடும் கணக்கு. இந்த டம்ளரை வைத்துக்கொண்டு வாத்தியாரின் கடிகாரத்துக்குக் காத்திரு என்றால் எப்படி?

அடக்கி அடக்கிப் பழகிய பிள்ளைக்குப் போகும்போதும் முழுசாகப் போவதில்லை. மிச்சம் தேங்குகிறது, அங்கே கிருமி சேருகிறது. எரிச்சல், காய்ச்சல், ஆஸ்பத்திரி! மலச்சிக்கல் வேறு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கட்டிக்கொண்ட மலம் மூத்திரப்பையை நெருக்கும். வயிற்றுக் கட்டைச் சரிசெய்ததும் மூத்திரத் தொல்லையும் போன பிள்ளைகள் ஏராளம்.

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் அவள் என்ன செய்வாள்? காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. ஆறு மாதத்துக்குள் கட்டி முடியுங்கள் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு போட்டது. கட்டடம் வந்த இடத்திலும் கழுவ ஆள் உண்டா, பினாயில் உண்டா என்பதுதான் கேள்வி.

கேரளாவில் 2019-ல், பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிக்கூடங்களில் தனி மணி அடித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் குடித்த தண்ணீர் வெளியே போக வேண்டாமா? அதற்கு யார் மணி அடிப்பது?

ராத்திரி கதை வேறு. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள். பத்து வயதில் அது ஐந்தாகக் குறைகிறது. வளர்ந்த பிறகும் நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது! ஹாஸ்டல் வேண்டாம், சுற்றுலா வேண்டாம் என்று சாக்குச் சொல்லும் கல்லூரிப் பையன் அந்த ஒருவனாக இருக்கலாம்.

இதற்கு அடிப்பதும், நனைந்த பாயை வாசலில் விரித்து "பாருங்க எங்க துரையை!" என்று தெருவுக்கே காட்டுவதும், சூடு போடுவேன் என்று கரண்டியைத் தூக்குவதும் அநியாயம். பிள்ளை வேண்டுமென்றே செய்வதில்லை. தூக்கத்தில் அவனுக்குத் தெரிவதே இல்லை. அது குடும்பத்தில் வருவதும் உண்டு. அடிக்கும் அப்பா தன் அம்மாவிடம் பழைய கதையை விசாரிப்பது நல்லது!

ஏழு வயதுக்கு மேலும் தொடர்ந்தால் டாக்டரிடம் போகலாம். ஈரம் பட்டால் மணி அடிக்கும் கருவி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி ஆரம்பித்து, கூடவே தீராத தாகமும் உடம்பு இளைப்பும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது சர்க்கரை நோயாக இருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் அடக்கப் பழகியவள் வேலைக்கு வந்த இடத்திலும் அடக்குகிறாள். ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நாற்காலி வந்தது, சரி. "ஒரு நிமிஷம் போயிட்டு வரேண்ணே" என்று சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, மத்தியானம் வரை வாய் நனைக்காமல் நிற்கிறாளே, அதற்கு?

கடைக்கார அண்ணாச்சிகளே, கக்கூஸ் சாவியைக் கல்லாப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். யாரையும் கேட்காமல் எடுக்கிற மாதிரி ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். ஆணிக்கு என்ன செலவு?