ஆராய்ச்சிப் பணமும் அடுப்படிக் கணக்கும்

எரிசக்தி ஆராய்ச்சியில் சர்க்கார் செலவிடும் பணத்தினால் ஜனங்களுக்கு விளைந்த லாபம் எவ்வளவு என்னும் கேள்விக்கு, செலவழித்த இலாகாவே விடை கூறிக்கொள்வது நம் தேசத்து வழக்கமாயிருக்கிறது. கட்சிக்காரனே சாட்சியும் சொல்லித் தீர்ப்பையும் எழுதிக்கொள்வதை எந்த நியாயஸ்தலமும் ஒப்பாது.

தருமபுரி ஜில்லாவிலுள்ள வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களை நோக்குவோம். சாமையும் கேழ்வரகும் விளையும் அவ்விடங்களில் நெடுங்காலம் விறகே அடுப்பிற்கு ஆதாரம். அதைச் சுமப்பவர்கள் பெண்கள். அதன் புகையைச் சுவாசிப்பவர்களும் அவர்களே. இத்தகையோர் பொருட்டே 1980-களில் இந்திய சர்க்கார் புகையில்லா அடுப்புத் திட்டத்தை ஏற்படுத்திற்று. 2002-ல் அது கைவிடப்படுமுன் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டதாகக் கணக்கு. வழங்கியது மெய்யே. ஆனால் குழாய் அடைத்தும் மண் வெடித்தும் கெட்ட அடுப்புகள் பல. பழைய மூன்று கல்லுக்கே திரும்பிய வீடுகளும் பல. கொடுத்த அடுப்பை எண்ணிய கை, மிச்சமான விறகை நிறுத்துப் பார்க்க நீளவில்லை.

ஆகையால் ஆராய்ச்சியே வீண் என்னும் சிக்கனவாதிகளோடு நாம் சேரோம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1978 முதல் 2000 வரையிலான இத்தகைய செலவைப் பரிசீலித்து 2001-ல் அறிக்கை வெளியிட்டது. குளிர்சாதனப் பெட்டி, குழல் விளக்கின் மின்னணுச் சோக், ஜன்னல் கண்ணாடி ஆகிய மூன்றில் மட்டும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் ஆராய்ச்சிச் செலவுக்குச் சுமார் 3,000 கோடி டாலர் பலன் கண்டது. அதிலும் முழுப் பலனையும் சர்க்காருக்கு வரவு வைக்கவில்லை. சர்க்கார் முன்வராவிடினும் தனியார் ஐந்தாண்டு கழித்து அதைச் செய்திருப்பர் என்று கொண்டு, இடைக்காலத்துப் பலனையே சேர்த்தது. வக்கீல் தொழில் செய்தவனுக்கு இந்த எச்சரிக்கை பிடித்தமானது.

இவ்வளவுகோலை நம் காற்றாலைகளுக்கும் வைக்கலாம். அன்னா மணி அம்மையார் சர்க்கார் பணத்தில் காற்றின் வேகத்தை ஊர் ஊராக அளக்கச் செய்து, 1983-ல் தொகுப்பு வெளியிட்டார். இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கு அதிகம். அத்தனையும் அந்த அளவீட்டின் பயனென்பது மிகை. வரிச் சலுகைக்கும் பங்குண்டு. எனினும் அற்பச் செலவில் எத்தனை ஆண்டுத் தாமதம் தவிர்ந்தது என்பதை டில்லி இதுவரை எண்ணிக் கூறியிருக்க வேண்டாமா?

இனி ஒவ்வொரு ஆராய்ச்சி மானியத்திலும் ஒரு பங்கைப் பிற்காலச் சோதனைக்கென ஒதுக்க வேண்டும். இலாகாவைச் சாராதவர்கள் ஐந்தாம் ஆண்டில் வத்தல்மலைக்கு ஏறி, அடுப்பைத் தொட்டு, விறகை நிறுத்து, பெண்களைக் கேட்டு எழுதும் அறிக்கை பார்லிமெண்டின் மேஜையில் வைக்கப்பட வேண்டும். அடுத்த மானியக் கோரிக்கை அதன் பிறகு வரட்டும்.